எதிர்ச் சுவரில் மேசை

எனக்கு இடது கைப் பழக்கம். கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் திரும்பி வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். மூன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, "அவளா, அவ கதை தெரியாதா?" என்று உங்கள் காதில் ஓத வேண்டாம்.

அண்ணனுடையது ஒட்டுப்போர்வைக் கடை. துண்டுத் துணிகளை வெட்டி, பூவும் நட்சத்திரமுமாகச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் மெஷினில் ஓட்டிப் போர்வையாக்கித் தருவோம். மேலே வீடு, கீழே கடை. தெருவைப் பார்த்து ஒரே ஒரு பெரிய ஜன்னல். ஒரு சுவரோரம் வெட்டும் மேசை, எதிர்ச் சுவரோரம் நூல் அலமாரி, நடுவில் எங்கள் மெஷின்கள்.

இந்த மாதிரிக் கடையில் வெட்டுகிறவர்தான் ராஜா. தைக்கிறவள் தப்புச் செய்தால் பிரித்துத் தைக்கலாம். அதற்கென்றே தையல் பிரிக்கும் கொக்கி ஒவ்வொரு மெஷின் மேலும் கிடக்கும். வெட்டினதைத் திரும்ப ஒட்ட எந்தக் கொக்கியும் கிடையாது. அதனால் அவருக்கு மாஸ்டர் என்று பட்டம், எங்களுக்கெல்லாம் "ஏம்மா, இங்க வாம்மா". எனக்கு அந்த மேசை வேண்டும் என்று ஆசை. ஆசை என்று மெல்லமாகச் சொல்கிறேன், வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாஸ்டர் தனிக்கடை போடப் போகிறார் என்று பேச்சு வந்தபோதே அண்ணன் சொல்லிவிட்டான். "அவர் என்னைக்குக் கிளம்பினாலும் அந்த மேசை உனக்குத்தான். உன்னை விட்டா இங்க வேற யாருக்கு இவ்வளவு தெரியும்?" எல்லோர் முன்னாலும் சொன்னான். பக்கத்து மெஷின் குண்டூசி அக்கா, எந்நேரமும் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுகிறவள், அத்தனையையும் உள்ளங்கையில் துப்பி வைத்துவிட்டு, "பார்ட்டி எப்போடி?" என்று கேட்டாள்.

நம்பினேன். நம்பித்தான் இடது கைக் கத்திரிக்கோல் வாங்கினேன்.

வலது கைக்காரர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். சாதாரணக் கத்திரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துக்கொள்ளும். சாக்கட்டியால் போட்ட கோடு எங்கே போகிறதென்று கோழி மாதிரி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கை அழுத்துகிற அழுத்தத்தில் இரண்டு அலகும் விலகிவிடும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கும். கட்டைவிரல் அடியில் காய்ப்புக் காய்த்துப் போகும். இத்தனை வருஷம், காலையில் மாஸ்டர் வருமுன் அந்த மேசையில் பழகினபோதெல்லாம், அப்படித்தான் வெட்டினேன். இடது கைக்கென்றே அலகை மாற்றிப் பூட்டின கத்திரிக்கோல் உண்டு என்று தையல் சாமான் கடைக்காரர்தான் சொன்னார். அவர் யாரிடமோ சொல்லி, அவர்கள் யாரிடமோ சொல்லி, ஒருவழியாக வந்து சேர்ந்தது. கடையிலேயே நின்று ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தேன். கோடு முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அடப் பாவிகளா, இவர்களெல்லாம் இத்தனை நாளும் இவ்வளவு சுகமாகவா வெட்டிக்கொண்டிருந்தார்கள்! சந்தோஷத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

மாஸ்டர் தன் கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் தொழிலில் அப்படித்தான். பல் விளக்கும் பிரஷ்ஷைக்கூட இரவல் கொடுத்துவிடுவோம், கத்திரிக்கோலைக் கொடுக்க மாட்டோம். மறுநாள் காலையில் நான் தலை சீவி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டி, புதுக் கத்திரிக்கோலோடு இறங்கி வந்தேன். மேசைக்கு முன்னால் அண்ணியின் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவனைக் கடையில் மைனர் என்போம். முழுக்கைச் சட்டை, செண்ட் வாசனை. ஜன்னல் கண்ணாடியில் முடியைச் சரிபார்க்காமல் அந்தப் பக்கம் கடக்க மாட்டான். சட்டைக் கம்பெனியில் கொஞ்ச நாள் கட்டிங் பார்த்திருக்கிறான்.

"என்னண்ணா இது?" என்றேன்.

"பாவம், வேலை இல்லாம இருக்கான். உங்க அண்ணியும் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தா."

"அண்ணி சொன்னது இருக்கட்டும். நீ எனக்குச் சொன்னது?"

அண்ணன் என்னை அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தணித்தான். "மேசை ஜன்னலோரமா இருக்கு. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் பார்க்குறான். நீ பீச்சாங்கையால வெட்டிட்டு நின்னா பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்மா. இவங்க கடையில வேற ஆளே கிடைக்கலையான்னு நினைப்பாங்க. மேசை, வெளிச்சம், எல்லாமே வலது கைக்குத்தான் போட்டிருக்கு. கொஞ்சம் புரிஞ்சுக்கோ."

"பீச்சாங்கைக்காரி தைச்ச போர்வையை மட்டும் வாங்குறாங்களா?"

"தைக்கிறது உள்ள உட்கார்ந்துதானே. அது யாருக்குத் தெரியப் போகுது?"

நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. கத்திரிக்கோலை என் மெஷின் இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு உட்கார்ந்தேன். அன்று முழுக்க மெஷினை நான் மிதித்த மிதியில் குண்டூசி அக்கா, "பெடல் உங்க அண்ணன் இல்லடி, மெல்ல மிதி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஹோட்டல் ஆர்டர் வந்தது. கட்டிலுக்குக் கட்டில் நட்சத்திரப் போர்வை. நட்சத்திரம் என்றால் முழுக்க முக்கோணம். ஒரு முக்கோணம் நூலளவு பிசகினால் அடுத்தது இன்னும் நூலளவு பிசகும். எல்லாவற்றையும் சேர்க்கும்போது நட்சத்திரத்தின் முனை தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சட்டையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் போடுகிற உடம்பு நிரப்பிக்கொள்ளும். போர்வைக்கு உடம்பு கிடையாது. மைனர் வெட்டித் தந்ததைத் தைத்து விரித்தால், நட்சத்திரம் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது. நடுவில் குமிழ் வேறு.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு எங்களைத்தான் பிடித்துக்கொண்டான். "என்ன தையல் இது? தூங்கிக்கிட்டே தைக்கிறீங்களா?"

நான் எழுந்து போய், வெட்டிக் கிடந்த முக்கோணங்களில் ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கிக் காட்டினேன். ஓரங்கள் ஒன்றுக்கொன்று பல்லிளித்தன.

மைனருக்கு முகம் சிவந்துவிட்டது. "கத்திரிக்கோல் மொண்ணை. நான் என்ன பண்றது?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் குண்டூசி அக்கா, ஊசிகளுக்கு நடுவிலிருந்து. அண்ணன் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தான்.

அன்று மதியம் ஊசியும் நூல் சுற்றும் பாபினும் வாங்க நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் என் மெஷின் இழுப்பறை திறந்து கிடந்தது. மைனர் பல்லெல்லாம் தெரிய என்னிடம் வந்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். உங்க கத்திரிக்கோலை எடுத்து வெட்டிப் பார்த்தேன். துணியை மென்னு மென்னு துப்புது. பார்த்தா புதுசு, ஆனா செஞ்சவன் அலகை மாத்திப் பூட்டி உங்களை ஏமாத்தியிருக்கான். நல்லவேளை, தெருவுல சாணை பிடிக்கிறவர் வந்தாரு. உள்பக்கமும் நல்லாத் தேய்ச்சுச் சரி பண்ணித் தரச் சொன்னேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நான் விடுவேனா?"

கத்திரிக்கோலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இரண்டு அலகின் உள்பக்கமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போனால்தான் கத்திரிக்கோல். உள்பக்கத்தில் கல்லை வைத்தால் செத்தது. மூடிப் பிடித்தும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. துணியைக் கொடுத்தேன். மடங்கியது. வலது கைக்கும் உதவாது, இடது கைக்கும் உதவாது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று சொல்வார்களே, அதுதான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அழுதால் 'சரி சரி, அழாதே' என்று விஷயத்தை அதோடு முடித்துவிடுவார்கள். அதனால் கத்தினேன். "யாரைக் கேட்டுடா என் இழுப்பறையில கை வச்சே?" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லா மெஷினும் நின்றுவிட்டது.

அண்ணன் ஓடி வந்தான். "ஒரு கத்திரிக்கோலுக்கா இந்தக் கூப்பாடு? நல்லது செய்யணும்னு நினைச்சுத்தானே செஞ்சான். வேற வாங்கித் தர்றேன், விடு."

"கத்திரிக்கோல் வேண்டாம். மேசை வேணும்."

"அதான் பேசி முடிச்சாச்சே."

"நீ பேசி முடிச்சே. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

வந்த வழியே திரும்பித் தையல் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்தக் கத்திரிக்கோலைப் பார்த்து 'த்சொ த்சொ' என்றார். இன்னொன்று வர நாளாகும் என்றார். பிறகு உள்ளே போய் ஒரு ரோட்டரி கட்டரை எடுத்து வந்தார். கைப்பிடி முனையில் சின்னச் சக்கரமாகச் சுழலும் பிளேடு. உருட்டினால் அடுக்கி வைத்த துணியும் அப்படியே அறுபடும். "இது எந்தக் கைக்கும் அடங்கும்மா. திருகைக் கழட்டி பிளேடை இந்தப் பக்கம் மாட்டுங்க, முடிஞ்சுது" என்று அங்கேயே மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். அடியில் விரிக்க ஒரு தடித்த மேட், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற ஸ்கேல். எல்லாவற்றையும் சொந்தக் காசில் வாங்கினேன். அண்ணன் காசு அதில் ஒட்டக் கூடாது.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் நானும் குண்டூசி அக்காவும் இறங்கினோம். "நான் பிள்ளைகுட்டிக்காரி. என்னை மாட்டி விட்டுடாதே" என்று சொல்லும்போதே அவள் மேசையின் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள்.

அலமாரியை இந்தச் சுவருக்கு இழுத்தோம். மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அவ்வளவுதான் வேலை. பழைய இடத்தில் நின்றால் ஜன்னல் இடது பக்கம் வரும்; வலது கைக்காரனுக்கு வெளிச்சம் கோட்டின் மேல் விழும், எனக்கு என் கையின் நிழல்தான் விழும். எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றால் ஜன்னல் என் வலது பக்கம். கோடு பளிச்சென்று தெரிந்தது. இந்த மேசை வலது கைக்குப் போட்டது என்று அண்ணன் சொன்னானே, மேசைக்கு ஏது கை? இழுத்துப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மேட்டை விரித்தேன். துணியை அடுக்கினேன். ஸ்கேலை வலது கையால் அழுத்தி, கட்டரை இடது கையால் உருட்டினேன். முக்கோணங்கள் ஓரம் பிசகாமல் உதிர்ந்தன. தெருவில் போன ஒருவர் ஜன்னலருகே நின்று பார்த்தார், தன் பாட்டுக்குப் போனார். கடை ஒன்றும் இடிந்து விழவில்லை.

மைனர் வந்தான். மேசை இருந்த இடத்தில் அலமாரியைப் பார்த்துத் திகைத்து, பிறகு என் பக்கம் வந்தான். தன் கையைத் துணி மேல் வைத்துப் பார்த்தான்.

"அக்கா, இப்படிப் போட்டுட்டா என் கை நிழலே கோட்டு மேல விழுதே. நான் எப்படி வெட்டுறது?"

"நான் இத்தனை வருஷம் எப்படி வெட்டினேனோ, அப்படி."

அவன் அண்ணனைக் கூப்பிட ஓடினான்.

அண்ணன் வந்த வேகத்தில் மேசையின் முனையைப் பிடித்தான். "டேய், அந்தப் பக்கம் பிடி. இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு." நான் கட்டரை மூடி வைத்துவிட்டு மேசை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இருவரும் தூக்கிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் ஒல்லி இல்லை.

"இறங்கு."

"மாட்டேன்."

"இது என் கடை."

"போர்வை என் கையால வருது. அந்தக் கை உள்ள உட்கார்ந்து தைக்கலாம், வெளிய நின்னு வெட்டக் கூடாதா? உனக்கு வெக்கமா இருந்தா நீ ஜன்னலுக்குத் திரை போட்டுக்கோ."

"அம்மா!" என்று அண்ணன் மாடியைப் பார்த்துக் கத்தினான். "இங்க வந்து உன் பொண்ணைப் பாரு!"

அம்மா மேலே உட்கார்ந்து போர்வைகளுக்கு ஓரம் மடித்துக் கையால் தைப்பாள். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அம்மாவிடம்தான் போய் நிற்கும். அவள் தீர்ப்பும் எப்போதும் அண்ணன் பக்கம்தான் சாயும். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய தையல் குப்பியோடு அவள் படி இறங்கி வருவதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ ஒண்ணும் சொல்லாதேம்மா. நீ என்ன சொல்வேன்னு எனக்குத் தெரியும். சாப்பிடும்போதும் எழுதும்போதும் என் இடது கையை நாற்காலியோட சேர்த்துத் துணியால கட்டி வச்சவதானே நீ."

அம்மா மேசையருகே வந்தாள். என் முழங்காலைத் தட்டி நகரச் சொன்னாள். நகர்ந்தேன். மேட்டின் மேலிருந்த கட்டரை எடுத்தாள்.

"இது எப்படிடி திறக்கும்?"

"வேண்டாம்மா, விரல் போயிடும்."

அவளே திறந்துவிட்டாள். முதலில் வலது கையில்தான் பிடித்தாள். ஸ்கேலை வைத்தாள். ஏதோ யோசித்தாள். குப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கட்டரை இடது கைக்கு மாற்றி, ஓர் உருட்டு உருட்டினாள். துணி நேராக இரண்டாய்ப் பிரிந்தது. அவளே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா?" என்றான் அண்ணன்.

"எனக்கும் இந்தக் கைதாண்டா" என்றாள் அம்மா.

அம்மாவின் இடது உள்ளங்கையில் ஒரு பெரிய தழும்பு உண்டு. இஸ்திரிப் பெட்டி பட்டது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். அந்தக் கையை விரித்து எனக்கு நேராகக் காட்டினாள்.

"சூடு வச்சுத்தான் மாத்துனாங்க. எங்க அம்மா வீட்டுலதான், நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது. உனக்கும் இடது கைன்னு தெரிஞ்சதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. உன் கையிலயும் வச்சுடுவாங்களோன்னுதான் அவங்க கண்ணுல படுறதுக்குள்ள நானே துணியைக் கட்டினேன்."

இந்த இடத்தில் மகள் ஓடிப் போய்த் தாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பச்சைக் குழந்தையின் கையில் சூடு வைத்தவர்கள் மேல் கோபம். அதை இத்தனை காலம் மூடி மறைத்து வைத்திருந்த இவள் மேலும் கோபம்.

"சொல்லியிருக்கலாம்லம்மா? நான் மட்டும்தான் இந்த வீட்டுல கோணல்னு நினைச்சே வளர்ந்தேனே."

"சொல்லியிருக்கணும்" என்றாள் அம்மா. சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். "மேசை இங்கயே இருக்கட்டும்."

"அம்மா, கடையை நடத்துறது நான்."

"நடத்து. யாரு வேண்டாம்னா? வெட்டுறது அவ."

அண்ணன் மேசையைப் பார்த்தான். நான் வெட்டி அடுக்கியிருந்த முக்கோணங்களில் ஒரு கற்றையை எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். எங்கும் பல்லிளிக்கவில்லை. "சரி, இந்த ஆர்டர் முடியிற வரைக்கும் இருக்கட்டும்" என்றான்.

"முடிஞ்ச பிறகும்" என்றேன்.

"சரி."

"எல்லார் முன்னாடியும் சொல்லு. போன தடவையும் எல்லார் முன்னாடியும்தான் சொன்னே. இந்தத் தடவை சத்தமாச் சொல்லு."

சொன்னான். சத்தமாகவே சொன்னான். மைனருக்கு வேலை போகக் கூடாது என்று அண்ணி வந்து நின்றாள். போக வேண்டாமே, என் மெஷின் காலியாகத்தானே இருக்கிறது என்றேன். குண்டூசி அக்கா அவனுக்குத் தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்து, "வா ராஜா, பாபின் சுத்தக் கத்துக்கோ" என்றாள்.

நான் மேசையிலிருந்து இறங்கினேன். அதற்குள் அம்மா இடது கையில் கட்டரைப் பிடித்தபடி, ஹோட்டல் துணிக் கட்டிலிருந்து இன்னொரு துண்டை உருவிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு ஆவல். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இருந்தாலும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது ஆர்டர் துணி. நீ பாட்டுக்கு வெட்டித் தள்ளாதே. பழகணும்னா கழிவுத் துணியில பழகு."

அம்மா துணியை இருந்த இடத்திலேயே வைத்தாள். "சரிங்க மாஸ்டர்" என்றாள்.

அந்தக் கடையில் என்னை முதலில் அப்படிக் கூப்பிட்டது அவள்தான். கிண்டலா நிஜமா என்று நான் கேட்கவில்லை. குனிந்து, கழிவுத் துணிக் கூடையிலிருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவளுக்குக் கொடுத்தேன்.